ஒரு கயிற்றில் இருநூறு டிரம்

அரிசி விஷயத்தில் தோக்குமாசு இவாகிச்சியை யாரும் ஏமாற்ற முடியாது. மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, இது மழையில் நனைந்து காய்ந்தது என்றோ, இரண்டு வருஷத்துப் பழசு என்றோ சொல்லிவிடுவார். ஒனோமிச்சித் துறைமுகத்திலிருந்து ஒசாகாவுக்கு அரிசி ஏற்றிப் போகும் சின்னக் கப்பல் ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் சரக்கறையிலேயே காலம் தள்ளியவர் அவர். எந்தப் பக்கம் எத்தனை மூட்டை அடுக்கினால் கப்பல் சாயாது, எந்த மூலையில் ஈரம் ஏறும் என்பதெல்லாம் அவருக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும்.

1942-ஆம் வருஷம் வசந்தத்தில் அந்தக் கப்பலைக் கடற்படை எடுத்துக்கொண்டது. கயிறு, நங்கூரம், அடுப்பு, சட்டி எல்லாவற்றோடும் அதிலிருந்த ஆட்களையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொண்டது. இவாகிச்சிக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. துப்பாக்கி தூக்கச் சொல்லவில்லை. சிப்பாய் உடுப்பும் தரவில்லை. கையில் கட்டிக்கொள்ள ஒரு பட்டை மட்டும் தந்தார்கள்.

துறையில் வழியனுப்ப வந்த மனைவி சுயே, "எத்தனை நாளாகும்?" என்று கேட்டாள்.

"அரிசி கொண்டுபோற வேலைதானே. இறக்கிட்டா முடிஞ்சுது" என்றார் அவர்.

ஆறு மாதத்தில் அந்தக் கப்பல் ராபவுல் துறைமுகத்தில் குண்டு விழுந்து மூழ்கியது. நீந்திக் கரையேறிய ஏழு பேரில் இவாகிச்சியும் ஒருவர். அங்கிருந்து அவரை ஷார்ட்லாந்து தீவுகளுக்கு அனுப்பினார்கள். தீவுகளுக்கு நடுவில் நங்கூரம் போட்டுக் கிடந்த பெரிய கிடங்குக் கப்பல் ஒன்றில் அவருக்கு வேலை. அந்தக் கப்பல் எங்கும் போவதில்லை. அரிசி, பார்லி, மருந்து, தோட்டா எல்லாம் அதில் வந்து இறங்கும். பிறகு வேறு கப்பல்கள் அவற்றை வாங்கிக்கொண்டு தென்கிழக்கே குவாடல்கனாலுக்குப் போகும். அங்கே காட்டுக்குள் முப்பதாயிரம் சிப்பாய்கள் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் சோறு கடல் வழியாகத்தான் போயாக வேண்டும்.

அது போகவில்லை. அந்தத் தீவின் விமானத் தளம் எதிரி கையில் இருந்தது. பகலில் நெருங்கும் எந்தக் கப்பலும் திரும்பவில்லை. நவம்பரில் பெரிய சரக்குக் கப்பல்களாகப் பதினொன்றை அனுப்பிப் பார்த்தார்கள். பாதி வழியில் ஏழு போயின. மிச்சம் நான்கு கரையில் மோதி நின்று, விடிந்ததும் அரிசியோடு எரிந்தன. அதற்குப் பிறகுதான் மேலிடத்தில் யாருக்கோ டிரம் யோசனை வந்தது. வேகமான போர்க்கப்பல்களில் அரிசி நிரப்பிய டிரம்களைக் கட்டிக்கொண்டு இருட்டியதும் போவது. ஒரே கயிற்றில் இருநூறு டிரம்களைக் கோத்துக் கடலில் தள்ளிவிட்டு நிற்காமல் திரும்புவது. கயிற்றின் நுனியைக் கரையில் இருப்பவர்கள் பிடித்து இழுத்துக்கொள்வது.

டிரம்களை வேலைக்கு ஆக்கும் பொறுப்பு இவாகிச்சி தலையில் விழுந்தது.

எல்லாம் பெட்ரோல் இருந்த டிரம்கள். சோடாக் காரம் கரைத்த தண்ணீர் ஊற்றி உருட்ட வேண்டும். பிறகு கொதிகலனிலிருந்து குழாய் போட்டு உள்ளே நீராவி விட வேண்டும். பிறகு மேல்தட்டு வெயிலில் கவிழ்த்துக் காயப்போட வேண்டும். கொதிகலன் ஆள் கின்ஸோ என்பவன் நீராவியைப் பார்த்துக்கொண்டான். முப்பது வயது, எதையும் கேலி பேசாமல் சொல்லத் தெரியாதவன். டிரம் காய்ந்ததும் இவாகிச்சி துளையில் மூக்கை வைத்து முகர்ந்து பார்ப்பார். வாடை இருந்தால் திரும்ப அனுப்பிவிடுவார்.

"அண்ணே, மூக்கை எடுங்க. டிரம்முக்கே கூச்சமா இருக்கு" என்பான் கின்ஸோ.

எவ்வளவு அரிசி போடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. நிறையப் போட்டால் முழுகிவிடும். குறைத்தால் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். இவாகிச்சி பத்து டிரம்களில் வெவ்வேறு அளவு போட்டு, கப்பல் ஓரத்தில் கட்டித் தொங்கவிட்டு, இரண்டு நாள் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் பாதிக்கு மேல் நாலு விரல்கடை என்று ஒரு கணக்குக்கு வந்து, டிரம்மின் வெளிப்புறத்தில் வெள்ளைச் சுண்ணாம்பால் கோடு போட்டார்.

கிடங்கு அதிகாரி லெப்டினன்ட் ஹோசாகா அந்தக் கோட்டைக் குனிந்து பார்த்தார். இருபத்தாறு வயது, டோக்கியோவில் படித்தவர், கண்ணாடியில் ஒரு பக்கம் விரிசல். "இவாகிச்சி, இதை நீங்களே கண்டுபிடிச்சீங்களா? ரொம்ப நல்லாருக்கு" என்றார்.

அவர் போனதும் கின்ஸோ சொன்னான்: "பட்டாளத்துல முதல்ல சிப்பாய். அப்புறம் குதிரை, அப்புறம் நாய், அப்புறம் தபால் புறா. அதுக்கும் கீழதான் நாம. ஒரு ஆபீசர் நம்மளப் பாத்து 'நீங்க'ன்னு சொல்றார்னா, அவருக்குக் காய்ச்சல் வந்திருக்குன்னு அர்த்தம்."

உண்மையில் ஹோசாகாவுக்குக் காய்ச்சல்தான். மலேரியா. மூன்று நாளைக்கு ஒரு முறை நடுக்கம் வரும்; அதோடுதான் அவர் வேலை பார்த்தார்.

முதல் பெரிய பயணத்தில் ஆயிரத்து ஐநூறு டிரம்கள் போயின. அந்த வாரம் முழுக்க இவாகிச்சி சரியாகத் தூங்கவில்லை. கை விரல்களில் காரம் தின்று தோல் உரிந்திருந்தது. கப்பல்கள் திரும்பி வந்தன. இரண்டு நாள் கழித்துக் கரையிலிருந்து கம்பியில்லாத் தந்தி வந்தது. ஹோசாகா அதை இவாகிச்சியிடம் கொண்டுவந்தார்.

"முந்நூத்துச் சொச்சம் கிடைச்சுதாம்."

"மீதி?"

"கடல்ல."

"கடல்ல எங்கய்யா? மூழ்கிடுச்சா, மிதந்து போச்சா, கயிறு அறுந்துச்சா? என்ன ஆச்சுன்னு தெரியாம நான் எதைத் திருத்துறது?"

"அவங்க எழுதல. எழுதுற நிலைமையில இல்ல போல."

"அப்ப என்னை அனுப்புங்க. ஒரு தடவை கண்ணால பாத்துட்டு வந்துடறேன்."

ஹோசாகா அனுப்ப விரும்பவில்லை. ஆனால் கயிறு தெரிந்த ஆள் ஒருவன் வேண்டும் என்று கப்பல்காரர்களும் கேட்டார்கள். புறப்படும் நாளில் கின்ஸோ அவருடைய மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏணி வரை வந்தான்.

"அங்கிருந்து வர்றவன் எல்லாம் எலும்பா வர்றான். நீங்க சதையோட போறீங்க. உங்களையே வேக வெச்சுடப் போறானுங்க, பாத்துக்குங்க" என்றான். இவாகிச்சிக்குச் சிரிப்பு வரவில்லை, அவனுக்கும் வரவில்லை.

மத்தியானம் கிளம்பினார்கள். அந்தி சாய்வதற்குள் இரண்டு முறை விமானங்கள் வந்து குண்டு போட்டுவிட்டுப் போயின. பக்கத்தில் வந்த கப்பல் ஒன்று புகைந்துகொண்டே பின்தங்கியது. தீவின் கரையை அடைந்ததும் இவாகிச்சி ஒரு சின்னப் படகில் இறங்கினார். மடியில் கயிற்றின் நுனி. பின்னால் டிரம்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. பாதி வழி போவதற்குள் எதிரியின் விரைவுப் படகுகள் வந்துவிட்டன. துப்பாக்கிச் சுடர்கள் எழுந்தன. கப்பல் தன் பக்கத்துக் கயிற்றை வெட்டிவிட்டு, முழு வேகத்தில் வந்த வழியே திரும்பியது. படகோட்டி கப்பலைப் பார்த்தான், இவாகிச்சியைப் பார்த்தான், பிறகு கரையை நோக்கி ஓட்டினான். வேறு வழி இல்லை.

கரையில் நூறு பேராவது காத்திருப்பார்கள் என்று இவாகிச்சி நினைத்திருந்தார். மரங்களுக்குள்ளிருந்து நாற்பது பேர் வந்தார்கள். அதில் பாதிப் பேர் கோல் ஊன்றி வந்தார்கள். முன்னால் வந்தவன் தண்ணீரில் இறங்கிக் கையை நீட்டினான்.

"கயிறைக் குடுங்கண்ணே. நான் கார்ப்பரல் ஷிரோசு. கப்பல் போயிடுச்சா? சரி, வாங்க. எங்க ஓட்டல்ல எடம் நிறைய இருக்கு."

கியூஷுவின் நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வந்தவன் அவன். தோள் எலும்பைப் பார்த்தால் ஒரு காலத்தில் எப்படிப்பட்ட உடம்பு என்று தெரிந்தது. இப்போது அதன்மேல் தோல் மட்டும் இருந்தது.

இழுத்தார்கள். இருநூறு டிரம்களின் கனத்தோடு அலையும் சேர்ந்து எதிர்ப்பக்கம் இழுத்தது. பத்து அடி வரும். எட்டு அடி திரும்பப் போகும். இவாகிச்சிக்கு முன்னால் இழுத்துக்கொண்டிருந்த ஒரு சிப்பாய் முழங்கால் ஆழத் தண்ணீரில் முகம் குப்புற விழுந்தான். எழுந்துவிடுவான் என்று எல்லாரும் நினைத்தார்கள். எழவில்லை. திருப்பிப் பார்த்தபோது உயிர் இல்லை. விரல்கள் மட்டும் கயிற்றை விடாமல் பிடித்திருந்தன. முழங்கால் தண்ணீரில் ஒரு ஆள் மூழ்கிச் சாக முடியும் என்பதை, கடலிலேயே பிழைத்த இவாகிச்சி அன்றுதான் பார்த்தார். ஷிரோசு அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தான். மறுபடி இழுத்தார்கள்.

கிழக்கு வெளுத்தபோது பதினேழு டிரம்கள் கரையில் இருந்தன. பதினெட்டாவது வரும்போது, பவளப் பாறையில் உரசி உரசித் தேய்ந்திருந்த கயிறு அறுந்துபோனது. அவர்கள் காட்டுக்குள் ஓடிப் படுத்தார்கள். மிச்ச டிரம்கள் வரிசையாக, மெதுவாக, வெளியே மிதந்து போவது மரங்களின் இடுக்கில் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் விமானங்கள் வந்தன. அவற்றுக்கு அவசரமே இல்லை. தாழப் பறந்து, திரும்பி வந்து, ஒவ்வொரு டிரம்மாகச் சுட்டு மூழ்கடித்தன. டிரம்கள் எல்லாம் அவர் கணக்குப்படியே மிதந்தன. சுண்ணாம்புக் கோடுகள் வெயிலில் பளிச்சென்று தெரிந்தன. தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்குக் குறி வைக்க அதைவிட வசதி வேண்டாம். இவாகிச்சி மண்ணில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

விமானங்கள் போனதும் ஷிரோசு கோடாலியால் ஒரு டிரம்மைப் பிளந்தான். பச்சரிசியை ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மென்றான்.

"பெட்ரோல் வாசம் லேசா அடிக்குது. பரவால்ல, உடம்பு வண்டி மாதிரி ஓடும். இதை ரொப்பினவன் எவன்?"

"நான்தான்."

ஷிரோசு மெல்லுவதை நிறுத்தினான். "நீங்களா? கொஞ்சம் உப்புப் போட்டு அனுப்பியிருக்கலாம்ல? ரெண்டு மாசமாச்சு உப்பைக் கண்ணால பாத்து."

"எதிர்லயே கடல் இருக்கேப்பா."

"எங்களுக்கு இருக்கு. மலை மேல இருக்கிறவனுக்கு? இங்கிருந்து மூணு நாள் நடைண்ணே. இந்த அரிசியில முக்காவாசி அவங்களுக்குத்தான்."

மலைக்குப் போகக் கூடியவர்கள் பன்னிரண்டு பேர் தேறினார்கள். ஆளுக்குப் பத்து கிலோ. அதற்கு மேல் யாராலும் தூக்க முடியவில்லை. இவாகிச்சி சும்மா இருக்க மனமில்லாமல் தானும் ஒரு பையைத் தோளில் போட்டுக்கொண்டு முதல் ஆற்றங்கரை வரை போனார். பாதையின் இரண்டு பக்கமும் ஆட்கள் கிடந்தார்கள். சிலர் செத்துப் பல நாளாகியிருந்தது. ஒருவன் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கண் மட்டும் அசைந்தது. அது அரிசிப் பையோடு கூடவே நகர்ந்தது. சுமந்து போனவர்கள் யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. இவாகிச்சியால் தாண்டிப் போக முடியவில்லை. ஒரு பிடி அள்ளி அவன் கையில் வைத்தார். விரல்கள் மூடிக்கொள்ளவில்லை; அரிசி தொடையில் சிந்தியது.

ஷிரோசு திரும்பி வந்தான். "என்ன பண்றீங்க? அவன் நாளைக்கு இருக்க மாட்டான். அவனுக்குக் குடுத்தது அவனுக்கும் இல்ல, மேல இருக்கிறவனுக்கும் இல்ல."

சொன்னானே தவிர, சிந்திய அரிசியை எடுக்கவில்லை. குனிந்து, அந்த ஆளின் வாயில் நாலு மணி போட்டுவிட்டு எழுந்தான். ஆற்றங்கரையில் இவாகிச்சியின் பையைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டான்.

"நீங்க திரும்புங்க. உங்க வேலை இங்க இல்ல, கடல்ல."

ஆறாம் நாள் ஷிரோசு கரைக்குத் திரும்பினான். போன பன்னிரண்டு பேரில் அவனோடு சேர்த்து ஏழு பேர்தான் வந்தார்கள். எட்டாம் நாள் அடுத்த கப்பல் வரும் என்று தந்தி வந்தது. கயிறு கொண்டு வரும் படகில் காயம்பட்ட நாலு பேரையும் இவாகிச்சியையும் ஏற்றி அனுப்பச் சொல்லி உத்தரவு. நாலு பேரைப் பொறுக்குவதற்குள் கரையில் பெரிய சண்டையே வந்துவிட்டது. ஷிரோசு இவாகிச்சியைத் தண்ணீர் வரை கைத்தாங்கலாகக் கூட்டிப்போனான். எட்டு நாளில் அவருக்கும் காய்ச்சல் வந்திருந்தது.

"ஒண்ணே ஒண்ணு அதிகாரிகிட்ட சொல்லுங்கண்ணே. ஒரு கயித்துல இருநூறு வேணாம். இருபது போதும். இருபது வந்தா இழுத்துடுவோம். இருநூறு அனுப்பினா ஒண்ணையும் இழுக்க முடியாது. அப்புறம் உப்பு."

கிடங்குக் கப்பலுக்கு வந்து சேர்ந்ததும் இவாகிச்சி குளிக்கக்கூட இல்லை. நேராக ஹோசாகாவின் அறைக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஹோசாகா போர்வையைப் போர்த்திக்கொண்டு கேட்டார்.

"இருபது இருபதா கட்டினா ஒரு கப்பலுக்குப் பத்துக் கயிறு. பத்துப் படகு. ஒரு மணி நேரமாவது கூட நிக்கணும். நான் கேட்டுப் பாக்கறேன். ஆனா நிக்க மாட்டாங்க. நின்னா கப்பல் போயிடும். கப்பல் போனா அடுத்த தடவைங்கறதே இல்ல."

"அப்ப அனுப்பி என்னங்கய்யா பிரயோசனம்? அங்க இழுக்க ஆள் இல்ல. நாம அனுப்பறது அவங்களுக்கு இல்ல, அந்த விமானக்காரனுக்கு."

ஹோசாகா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குத் தெரியாதுன்னா நினைக்கறீங்க? நிறுத்தணும்னா ஒருத்தர் கையெழுத்துப் போடணும். அங்க இருக்கிற அத்தனை பேரும் செத்தாச்சுன்னு எழுதற மாதிரி அது. அந்தக் கையெழுத்தைப் போட இங்க ஆள் இல்ல, ராபவுல்ல இல்ல, டோக்கியோவுலயும் இல்ல. அதனால அனுப்பறோம்."

"உப்பாவது போடலாமாய்யா?" என்று கேட்டார் இவாகிச்சி.

"போடுங்க."

எண்ணெய்த் துணியில் உப்பைக் கட்டி, துளைக்குள் நுழையும் அளவுக்குச் சின்னச் சின்னப் பொட்டலமாக்கி, டிரம்முக்கு மூன்று போட்டார். கின்ஸோ வாயைத் திறக்காமல் உட்கார்ந்து பொட்டலம் கட்டினான். வெள்ளைக் கோடு போடுவதை இவாகிச்சி நிறுத்திவிட்டார். கரியால் சின்னப் புள்ளி மட்டும். அதற்கு மேல் அவரால் செய்ய முடிந்தது எதுவும் இல்லை. இரண்டு பயணங்கள் பாதி வழியில் அடிபட்டு, டிரம்களோடு திரும்பி வந்தன. ஒரு பயணத்தில் எல்லா டிரம்களையும் தள்ளிவிட்டு வந்தார்கள். கரையிலிருந்து தந்தியே வரவில்லை.

ஜனவரிக் கடைசியில் உத்தரவு மாறியது. டிரம் வேண்டாம், ஆட்களை ஏற்றிக்கொண்டு வாருங்கள். மேல்தட்டில் நிரப்பி வைத்த நானூறு டிரம்கள் அப்படியே நின்றன. போர்க்கப்பல்கள் மூன்று முறை போய் வந்தன. வந்தவர்களில் ஒரு பகுதியைக் கிடங்குக் கப்பலுக்கு அனுப்பினார்கள். வெறும் கஞ்சித் தண்ணீர்தான் கொடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். சோறு கேட்டு அவர்கள் அழுதார்கள். ஒருவன் யார் கண்ணிலும் படாமல் ஒரு சட்டிச் சோற்றைத் தின்றுவிட்டு அன்றே செத்துப்போனான். இவ்வளவு அரிசி மேல் உட்கார்ந்துகொண்டு இவாகிச்சி அகப்பையால் கஞ்சித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

வந்த ஒவ்வொருவனிடமும் ஷிரோசுவைப் பற்றிக் கேட்டார். மூன்றாம் நாள் ஒருவன் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கினான்.

"கரையில டிரம் இழுத்துக்கிட்டிருந்தாரே, அந்தக் கார்ப்பரலா? அவருக்குக் கால்ல புண்ணு அழுகிப்போச்சு. நடக்க முடிஞ்சவங்க மட்டும் வந்தோம். நடக்க முடியாதவங்களுக்கு ஆளுக்கு ஒரு கைக்குண்டு குடுத்து, பின்னால காவலுக்குன்னு விட்டுட்டு வந்தோம்."

"எதாவது சொன்னாரா?"

"சொன்னார். 'மெதுவா போங்கடா, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல'ன்னார்." அவன் மறுபடி கிண்ணத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

அந்த நானூறு டிரம்கள் வேறொரு தீவுக்குப் போயின. அங்கேயும் இதே கதைதான். ஹோசாகா கோடைக்கு முன்பே காய்ச்சலில் இறந்தார். கின்ஸோ இருந்த கப்பல் ஒரு நாள் கிளம்பிப் போனது. அதைப் பற்றிப் பிறகு யாரும் எதுவும் சொல்லவில்லை. இவாகிச்சியை மட்டும், மண்ணீரல் வீங்கி வேலைக்கு உதவாமல் போனதால், ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

போர் முடிந்து இரண்டு வருஷம் கழித்து அவர் ரயில் ஏறி கியூஷுவுக்குப் போனார். ஷிரோசுவின் வீட்டைச் சுரங்கத் தொழிலாளர் வரிசையில் விசாரித்துக் கண்டுபிடித்தார். அவன் மனைவி ஹருயோ நிலக்கரி பொறுக்கும் வேலையிலிருந்து அப்போதுதான் வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். அஸ்தி என்று அரசாங்கம் அனுப்பிய வெள்ளைப் பெட்டியைக் காட்டினாள். உள்ளே ஒரு கூழாங்கல் இருந்தது.

"இதைத்தான் அவர்னு குடுத்தாங்க. நீங்க அவரை நேர்லயே பாத்தீங்களா?"

"எட்டு நாள் அங்கதான் இருந்தேன்மா. எல்லாரையும் சிரிக்க வெச்சுக்கிட்டே இருப்பார்."

"அப்படித்தான் இருப்பார்." அவள் சிரித்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே, இவ்வளவு நாளும் கேட்க ஆள் இல்லாமல் வைத்திருந்ததைக் கேட்டாள். "அங்க பட்டினியில செத்தாங்கன்னு ஊர்ல பேசிக்கிறாங்க. அது நெசமா?"

ரயிலில் வந்த வழியெல்லாம் இதற்குத்தான் ஒரு பதில் தேடிக்கொண்டு வந்தார்.

"அரிசி அனுப்பினோம்மா. என் கையாலதான் ரொப்பி அனுப்பினேன்."

ஹருயோ சட்டென்று தரையில் கை ஊன்றித் தலை வணங்கினாள். "அப்ப சாப்பாடு இருந்துச்சு. அது போதும். ரொம்ப நன்றிங்க. அது ஒண்ணுதான் மனசை அறுத்துக்கிட்டு இருந்துச்சு."

இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அவள் நிமிரும் வரை அவரும் தலையைக் குனிந்தபடியே இருந்தார். அவள் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, நேரமாகிறது என்று சொல்லி எழுந்தார். ஸ்டேஷன் வரை கூட வருகிறேன் என்றாள். வேண்டாம் என்று தடுத்துவிட்டுத் தனியாக நடந்தார். அடுத்த ரயிலுக்கு மூன்று மணி நேரம் இருந்தது.